பார்க்கலாம் என்று சொல்லும் கெர்னல்

அவளுக்கு ஆபீசில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மிளகாய். இரண்டாவது பெயர் அவள் காதுக்கு எட்டவில்லை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வைத்தது யார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். "வச்சுட்டுப் போறான். சர்க்கரைன்னு வச்சிருந்தாதான் நான் கவலைப்படணும்" என்று புருஷனிடம் சொன்னாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அந்த மனிதர், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கோபம் அவளுக்குப் பிறவிச் சொத்து. அதற்காக நின்றால் உட்கார்ந்தால் வருகிற கோபம் இல்லை. எழுத்தில் ஒன்று நடப்பில் ஒன்று என்று இருந்தால் வரும். படிப்பு முடித்த கையோடு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். பிறகு தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனியில் கையேடு எழுதப் போனாள். அங்கே பழைய கையேட்டில், தண்ணீர் வராவிட்டால் மோட்டார் தானே நின்றுவிடும் என்று போட்டிருந்தது. இவள் ஒரு மோட்டாரை வாங்கித் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை, புகைந்தது. புகைந்ததைத் தூக்கிக்கொண்டுபோய் மேனேஜர் மேஜைமேல் வைத்து, "இதுல எந்தப் பக்கம் தானா நிக்குதுன்னு காட்டுங்க சார்" என்றாள். கையேட்டைத் திருத்தினார்கள். அவளையும் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

இப்போதைய வேலையைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். கம்ப்யூட்டர் வேலை என்றால், "அப்ப என் போனைக் கொஞ்சம் பாரேன், சார்ஜே நிக்க மாட்டேங்குது" என்று நீட்டுவார்கள். அவள் ஆபீசில் செய்வது ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டருக்கு அல்ல, இயந்திரங்களுக்குள்ளே ஓடுவதற்கு. எடை மெஷின், லிஃப்ட், ஆஸ்பத்திரியில் மூச்சு கொடுக்கிற வென்டிலேட்டர் இப்படி. அதன் நட்டநடுவில் கெர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஓர் இயந்திரத்துக்குள் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடும். ஒவ்வொன்றும் வேலை செய்ய மெமரி வேண்டும் என்று கை நீட்டும். இருப்பதோ கொஞ்சம். யாருக்கு எவ்வளவு, பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதலில், யாரிடமிருந்து பிடுங்குவது என்று பங்கு போடுகிற வீட்டுப் பெரிய மனுஷன்தான் கெர்னல். அந்தப் பங்கு போடும் விதிகளை, வாங்குகிற கம்பெனிக்காரர்களுக்குப் புரியும்படி எழுதிவைப்பவள் அக்கா.

விதிகளைக் கெர்னலுக்குள் எழுதியவரை எல்லாரும் ரேஷன் என்று கூப்பிட்டார்கள், அவர் இருக்கும்போது ரேஷன் சார். மெமரியை அளந்து அளந்து கொடுப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது பேனாவால் வந்தது. யாராவது பேனா கேட்டால், மூடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்பார். கெட்டிக்காரர், நல்லவர் என்றுகூடச் சொல்லலாம். அக்காவுக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அவருடைய நல்ல குணம் ஒரு தடையாக இருந்ததில்லை.

சண்டை ஒரே ஒரு பாராவைப் பற்றியது. ஒரு சாயங்காலம் டீ குடிக்கும்போது ரேஷனே சிரித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம கெர்னல் இருக்கே, பெரிசா ஏதாவது கேட்டா இல்லைன்னு பட்டுனு சொல்லிடும். சின்னதா கேட்டா இல்லைன்னே சொல்லாது. இருந்தா குடுக்கும், இல்லைன்னா கேட்டவனை நிக்க வைக்கும். யாராவது திருப்பிக் குடுக்கிற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்."

"யாருமே திருப்பிக் குடுக்கலைன்னா?"

"நின்னுக்கிட்டே இருப்பான்" என்று அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

அக்கா கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தன் இடத்துக்குப் போனாள். அவள் எழுதிய கையேட்டில், அவர் சொல்லி அவள் எழுதிய கையேட்டில், வேறு மாதிரி இருந்தது. 'மெமரி கேட்கும் எந்த வேண்டுகோளும் நிறைவேற்றப்படும், அல்லது உடனே மறுக்கப்படும்.' இரண்டே வழி. மூன்றாவதாக ஒருவனைக் காலவரையில்லாமல் நிறுத்திவைக்கிற சங்கதி அங்கே இல்லவே இல்லை. அன்றைக்கே ஒரு பாரா எழுதினாள். சிறிய வேண்டுகோள்கள் மறுக்கப்படுவதில்லை, கேட்ட புரோகிராம் காத்திருக்க வைக்கப்படும், அந்தக் காத்திருப்புக்கு முடிவு இல்லாமலும் போகலாம், ஆகவே உயிர் சம்பந்தப்பட்ட வேலை செய்யும் புரோகிராம்கள் தமக்கு வேண்டிய மெமரியைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆபீஸ் வழக்கப்படி, அவள் எழுதியதை அந்தந்தப் பகுதிக்காரர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ரேஷன் அந்தப் பாராவை அடித்தார். ஓரத்தில், 'இது நடத்தை, கொள்கை அல்ல' என்று குறிப்பு. கெர்னல் அப்படி நடக்கிறது, அப்படித்தான் நடக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த ரிலீசுக்கு, அதாவது கெர்னலின் அடுத்த பதிப்பு வெளிவரும்போது, மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தார், அதே குறிப்பு. அதற்கடுத்த இரண்டு ரிலீசிலும் இதே கூத்து. அவள் ஒவ்வொரு தடவையும் அவர் மேஜைக்குப் போய்ச் சத்தம் போடுவாள், அவர் வெந்நீர் ஃபிளாஸ்கைத் திறந்து மூடிக்கொண்டே கேட்பார், கடைசியில் "அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம் மேடம்" என்பார். வீட்டுக்கு வந்து அதே ஆத்திரத்தில் பாத்திரத்தை டணார் டணார் என்று வைப்பாள். "இன்னிக்கும் பாராவா?" என்று புருஷன் கேட்பார்.

"உங்க லிஃப்ட்ல எட்டுப் பேருன்னு போட்டிருக்கு. ஒம்பதாவது ஆள் ஏறினா என்ன பண்ணும்?"

"கத்தும். இறங்கச் சொல்லும்."

"எங்க ஆளு ஒம்பதாவது ஆளை வாசல்லயே நிறுத்தி, கதவையும் மூடாம, உள்ள இருக்கிற எட்டுப் பேரையும் போகவிடாம வச்சிருக்கான். கேட்டா அது கொள்கை இல்லையாம்."

அவளுக்கு ஒரு தங்கை, வீட்டில் சின்னவள் என்றுதான் பேச்சு. ஆஸ்பத்திரி ஐசியூவில் நர்ஸ். அக்காளுக்கு நேர்மாறு. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. டூட்டி முடிந்து போகிற வழியில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அவள் வார்டில் இருந்த வென்டிலேட்டர்களுக்குள் ஓடியதும் இந்த ஆபீஸ் கெர்னல்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். "நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் எங்க மிஷின் மூச்சு விடுதாக்கும்" என்று சின்னவள் கிண்டல் பண்ணினாள்.

நடந்தது இதுதான். அந்த வார்டில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நாளில், ஒவ்வொரு வென்டிலேட்டரிலும் ஒரு வாரத்து வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்துப் படுக்கைத் தலைமாட்டில் மாட்டிவைக்க வேண்டும். டாக்டருக்கு ஸ்க்ரீனில் பார்ப்பது பிடிக்காது, காகிதம்தான் வேண்டும். சின்னவள் ஜன்னலோரப் படுக்கைக்காரருடைய மிஷினில் பிரிண்ட் அமுக்கினாள். காகிதம் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். வராத பிரிண்டரை நாம் எல்லாரும் என்ன செய்வோமோ அதைத்தான் அவளும் செய்தாள், மேலும் இரண்டு மூன்று தடவை அமுக்கினாள். உள்ளே காகிதம் தீர்ந்துபோயிருந்தது. எடுத்து வரலாம் என்று அலமாரிப் பக்கம் போனாள்.

படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அந்த நேரம் அவர் புரண்டதில் மூச்சுக் குழாய் கழன்றுவிட்டது. அலாரம் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. ஸ்க்ரீனில் நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு என்று பச்சையாக எண் நின்றுகொண்டிருந்தது. காகிதச் சுருளோடு திரும்பியவள், எண்ணைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை, உதடு நீலம். சுருளைக் கீழே போட்டுவிட்டு ஓடி, ஆம்பு பையை மாட்டிக் கையால் மூச்சு கொடுத்தாள். கூட இருந்தவர்களைக் கூப்பிட்டாள். மிஷினில் எந்தப் பொத்தானும் வேலை செய்யாததால், அதை அணைத்துப் போட்டாள். தபால்காரர் பிழைத்துக்கொண்டார். பேச்சுதான் முழுசாகத் திரும்பவில்லை.

பிழைக்க வைத்தவளுக்கு மாலை போட வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்திருக்கலாம். கொடுத்தது மெமோ. மிஷினின் பதிவில் அலாரம் அடித்ததாக ஒரு வரி இல்லை, மறுபடி போட்டபோது, கையால் அணைக்கப்பட்டது என்று மட்டும் ஒரு வரி ஏறியிருந்தது. மிஷின் செய்த கம்பெனி ஓர் அறிக்கை அனுப்பியது. 'எங்கள் அலாரம் புரோகிராமுக்கு மெமரி கிடைத்தால் அலாரம் அடிக்கும். மெமரி மறுக்கப்பட்டால், உடனே தனியாக உள்ள மணியை அடிக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் கையேட்டின்படி மூன்றாவது சாத்தியம் கிடையாது. ஆகவே அலாரத்தைப் பணியில் இருந்தவர் நிறுத்தியிருக்க வேண்டும்.' தூங்குவதற்காக அலாரத்தை அமுக்கிவைத்தாள் என்று வார்டில் பேச்சு கிளம்பிவிட்டது. சின்னவளை சஸ்பெண்ட் பண்ணினார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் நர்ஸ் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள், அப்புறம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது.

சின்னவள் கொண்டுவந்த அறிக்கையை அக்கா சமையலறையில் நின்றுகொண்டே படித்தாள். மூன்றாவது சாத்தியம் கிடையாது என்ற இடத்துக்கு வந்ததும் அவள் காது சிவந்ததைப் புருஷன் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

"பிரிண்டை எத்தனை தடவை அமுக்கினே?" என்று தங்கையைக் கேட்டாள்.

"நாலஞ்சு தடவை இருக்கும். காகிதம் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஏன், அது தப்பா?"

"உன் தப்பு இல்லைடி. நீ சும்மா இரு."

அவளுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஒவ்வோர் அமுக்கலுக்கும் ஒரு வாரத்து வரைபடம் மெமரியில் போய் உட்கார்ந்துகொண்டது. காகிதம் வராததால் ஒன்றும் எழுந்துபோகவில்லை. இடம் நிறைந்துவிட்டது. குழாய் கழன்றதும் அலாரம் புரோகிராம், முதலில் மிஷினில் நடப்பதையெல்லாம் குறிக்கிற பதிவேட்டை வேறு யாரும் தொடாதபடி பிடித்துக்கொண்டு, அதில் எழுத ஒரு துளி மெமரி கேட்டது. சின்ன வேண்டுகோள். கெர்னல் இல்லை என்று சொல்லவில்லை, நில் என்றது. வரைபடப் புரோகிராமோ, காகிதத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காகிதம் இல்லை என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு இடத்தைக் காலி செய்யலாம் என்று பதிவேட்டுக்காகக் காத்திருந்தது. அவன் விட்டால் இவன் போவான், இவன் போனால் அவன் விடுவான். ஸ்க்ரீனை வரைகிற புரோகிராமும் அதே வரிசையில் மாட்டிக்கொண்டு பழைய பதினான்கைக் காட்டியபடி நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் தனி மணி அடித்திருக்கும். அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை.

மறுநாள் ஆபீசில் அவள் பையைக்கூட வைக்காமல் ரேஷன் மேஜைக்குப் போனாள்.

"சார், அந்தப் பாரா."

"மறுபடியுமா மேடம்? ரிலீசுக்கு இன்னும் நாள் இருக்கே."

"ரிலீசு கிடக்கட்டும். என் தங்கச்சிக்கு வேலை போகப் போகுது." நடந்ததை முழுக்கச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. ஃபிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மூட மறந்துபோனார்.

"பேஷண்ட் எப்படி இருக்கார்?" என்று முதலில் கேட்டார். அதை அவருக்குக் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

"இருக்கார். நீங்க விசாரணைக்கு வந்து, கெர்னல் இப்படித்தான் நிறுத்தி வைக்கும்னு சொல்லணும். இல்லை, அந்தப் பாராவுக்கு இன்னிக்கு ஒப்புதல் குடுங்க. நான் எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இவள் உட்காரவில்லை.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. எழுதிட்டா அது வாக்கு ஆயிடும் மேடம். சின்னது கேட்டா மறுக்க மாட்டோம்னு நாம எழுத்துல குடுத்தா, அவனவன் மறுப்புக்கு ஏற்பாடே பண்ணாம புரோகிராம் எழுதுவான். நாளைக்கு இதைச் சரி பண்ணலாம்னா கையேட்டைத் தூக்கிக்கிட்டு வருவான்."

"அப்ப இன்னிக்கே சரி பண்ணுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும்."

"அதுவும் முடியாது. இத்தனை வருஷமா சின்னதுக்குக் கெர்னல் இல்லைன்னு சொன்னதே கிடையாது. மறுத்தா என்ன பண்ணணும்னு அவனவன் புரோகிராம்ல ஆயிரம் இடத்துல எழுதி வச்சிருக்காங்க, ஒரு இடம்கூட ஒரு தடவைகூட ஓடினதில்லை. திடீர்னு ஓடினா எது எங்கே விழும்னு எனக்கே தெரியாது. லிஃப்ட் நடுவுல நிக்கும்."

"ஆக, எழுதவும் மாட்டீங்க, மாத்தவும் மாட்டீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது, அதனால் ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

"விசாரணைக்காவது வாங்க."

"வக்கீல் பிரிவுல கேக்கணும். ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசினா உங்க வேலைக்கும் ஆபத்து. கேட்டுட்டு..." அவர் ஃபிளாஸ்கை மூடினார். "பார்க்கலாம் மேடம்."

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சின்ன வயதில் அப்பாவிடம் மேல்படிப்புக்குக் கேட்டபோது வந்த பார்க்கலாம், மோட்டார் கம்பெனியில் வந்த பார்க்கலாம், வீட்டுச் சொந்தக்காரரிடம் தண்ணீர்க் குழாயைச் சரிபண்ணச் சொன்னால் வருகிற பார்க்கலாம் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. ஒருத்தன் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லியிருந்தால் அவள் வேறு வழியைத் தேடிப் போயிருப்பாள். ஒருத்தனுக்கும் அந்தத் தைரியம் இருந்ததில்லை.

"இந்த வார்த்தையைத்தான் சார் நீங்க கெர்னலுக்கும் கத்துக்குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லீவும் எழுதிக் கொடுக்காமல் வெளியே போனாள். தளம் முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

விசாரணை ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜை, ஒரு கால் ஆடுகிற நாற்காலிகள், சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம். தலைமை டாக்டர், தலைமை நர்ஸ், மிஷின் கம்பெனியின் இன்ஜினியர் மூன்று பேரும் ஒரு பக்கம். சின்னவள் எதிர்ப்பக்கம். துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்ற விதியில் அக்கா அவள் பக்கத்தில். அந்த மிஷினையே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். குழாயின் முனையில் மனிதருக்குப் பதில் ஒரு ரப்பர் பலூன் மாட்டியிருந்தது, மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் சின்னப் பையன்தான், பணிவாகவே பேசினான். குழாயைக் கழற்றிக் காட்டினான். அலாரம் காதைப் பிளந்தது. மாட்டினான், நின்றது. பிறகு அந்தக் கையேட்டு வரியைப் படித்தான். நிறைவேற்றப்படும், அல்லது உடனே மறுக்கப்படும்.

"அந்த வரியை எழுதினது நான்" என்றாள் அக்கா.

எல்லாரும் திரும்பினார்கள். தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இவங்க அக்கான்னுதானே சொன்னாங்க?"

"அக்காவும்தான். அந்தக் கையேடு எழுதறதும் நான்தான். அந்த வரி பொய். நிரூபிக்கறேன், ரெண்டு நிமிஷம் குடுங்க." அவர் தலையாட்டும் முன்பே எழுந்து, பிரிண்டரைத் திறந்து, காகிதச் சுருளை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். தங்கையைப் பார்த்து, "அன்னிக்கு எப்படி அமுக்கினியோ அப்படியே அமுக்கு" என்றாள்.

சின்னவள் எழுந்து வந்தாள். வாரத்து வரைபடம், பிரிண்ட். கொஞ்சம் பொறுத்தாள். மறுபடி பிரிண்ட். மறுபடி. மறுபடி. இன்னும் ஒரு தடவை.

"இப்ப குழாயைக் கழட்டுங்க தம்பி."

இன்ஜினியர் கழற்றினான். பலூன் துவண்டு தொங்கியது. எல்லாரும் அலாரத்துக்குக் காதைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றும் அடிக்கவில்லை. ஸ்க்ரீனில் பதினான்கு நின்றது. வராந்தாவில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, போய்த் தேய்ந்தது. தலைமை நர்ஸ் தன் நெஞ்சில் கை வைத்திருந்தாள். இன்ஜினியர் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினான், பிறகு அமுக்குவதை விட்டுவிட்டான்.

"எப்ப அடிக்கும்?" என்று தலைமை டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"பார்க்கலாம்" என்றாள் அக்கா. "உக்காந்து பார்க்கலாம் சார். அன்னிக்கு அந்தப் பெரியவர் பார்த்த மாதிரி. அவர் உதடு நீலமாகிற வரைக்கும் இது பதினாலுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவரைப் பார்த்தது இவ. அலாரத்தை நிறுத்தினதா நீங்க மெமோ குடுத்தீங்களே, இவ."

இன்ஜினியர் அங்கேயே கைபேசியில் அவள் ஆபீசைக் கூப்பிட்டான். ரேஷன் லைனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டான். "சார், உடனே மறுக்கப்படும்னு கையேட்டுல இருக்கு. இங்க மறுக்கவே இல்லை, நிக்குது. எங்க மணி அடிக்கவே இல்லை."

ரேஷனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. "அது வந்து... நடத்தை. கொள்கை இல்லை."

"அப்படின்னா என்ன?" என்று தலைமை டாக்டர் கேட்டார்.

சின்னவள் மேல் குற்றமில்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்கள். வார்டு மிஷின்களை எல்லாம் நிறுத்திப் பரிசோதிக்க உத்தரவு போட்டார்கள். தலைமை நர்ஸ் சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காவின் போனில் ஆபீசிலிருந்து வரிசையாக அழைப்புகள். அவள் எடுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. ஒரு புகைந்த மோட்டாரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்த பழைய நிம்மதி அவளுக்கு மறுபடியும் கிடைத்திருந்தது. ரேஷனைத் திட்டிக்கொண்டே படி இறங்கினாள், திட்டிக்கொண்டே தெருவைக் கடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றும் திட்டினாள். கூட நடந்துவந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அங்கேதான் கவனித்தாள்.

"என்னடி, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறே?"

"ஒண்ணு கேக்கணும்க்கா."

"கேளேன்."

"அந்த மிஷின் இப்படிப் பேசாம நின்னுடும்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அது ரொம்ப நாளா தெரியும். அதுக்குத்தானே அந்த ஆளோட மல்லுக்கட்டறேன். நாலு ரிலீசா எழுதறேன், நாலு ரிலீசா அடிக்கறான். ஒரு பாரா. ஒரே ஒரு பாராவைப் போட்டிருந்தா..."

"எங்க வார்டுல அந்த மிஷின்தான் இருக்குன்னும் உனக்குத் தெரியும்."

அக்கா பஸ் வருகிற பக்கம் திரும்பினாள்.

"தினமும் உன் வீட்டுக்கு வர்றேன்" என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை, அவளுக்கு உயர்ந்ததே கிடையாது. "எதிர்ல உக்காந்து சாப்பிடறேன். நீ பாத்திரத்தைப் போட்டு உடைப்பே, பாரா பாரான்னு கத்துவே. ஏதோ ஆபீஸ் சண்டைன்னு நினைச்சுப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாப்பாடு போடறப்ப, 'ஏய், அந்த மிஷின் சில நேரம் நின்னுடும், நம்பரை நம்பாதே'ன்னு வாயால சொல்லியிருக்கலாம்ல. அதுக்கு யாரு ஒப்புதல் குடுக்கணும்?"

எழுத்தில் ஏற வேண்டும் என்று அத்தனை நாள் கத்திய அக்காவுக்கு, எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கோபப்பட ஓர் ஆளைத் தேடினாள். ரேஷன் இருந்தார், அப்பா இருந்தார், மோட்டார் கம்பெனி மேனேஜர் இருந்தார். யார் பெயரும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

"அந்தத் தபால்காரரைப் பார்க்கப் போனா ஏதோ சொல்ல வர்றார்க்கா. வார்த்தை வர மாட்டேங்குது" என்றாள் சின்னவள்.

பஸ் வந்தது. சின்னவள் முதலில் ஏறினாள். நிற்கிற கூட்டம் இல்லை, ஆனாலும் இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பையை எடு என்று கேட்கலாம். ஒரு சின்ன விஷயம்தான். சின்னவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அக்கா கேட்கவில்லை, நின்றுகொண்டேதான் வந்தாள்.